கட்சிக்காரர் அல்லாதவருக்கு வந்த மிரட்டல்: திருப்பூரில் ஒரு கஸ்டடி வழக்கு

இந்த வழக்கில் மிரட்டப்பட்டவர் வழக்கின் கட்சிக்காரர் அல்ல. குழந்தையைக் கேட்டு மனுப் போட்டவர் முதல் கணவர். எதிர்மனுதாரர் குழந்தையின் தாய். மிரட்டல்கள் போனதோ தாயின் இரண்டாம் கணவருக்கு. சட்டம் அவரைக் குழந்தையின் தகப்பனாகக் கருதுவதில்லை. குடும்ப நீதிமன்றத்தில் அவர் பெயரைக் கூப்பிடுவதும் இல்லை. ஆனால் ராத்திரியில் அடித்துக்கொண்டிருந்தது அவருடைய போன்தான். குழந்தை யாரிடம் வளர்வது என்று என்னிடம் வரும் கஸ்டடி வழக்குகளில் இப்படி ஒரு மூன்றாம் ஆள் இப்போதெல்லாம் அடிக்கடி இருக்கிறார். அவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்து வழக்கே திசை மாறுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். தாய்க்காக நான் ஆஜரானேன். ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

தாய் கோபிசெட்டிபாளையம் பக்கத்துப் பெண். நெல்லும் மஞ்சளும் போடும் வீடு. முதல் திருமணம் சென்னிமலைப் பக்கம், சொந்தத் தறி வைத்திருக்கும் குடும்பத்தில். ஒத்துவராமல் போகவே, இந்துத் திருமணச் சட்டம் 13பி பிரிவின் கீழ் இருவரும் சேர்ந்து மனுப்போட்டுப் பிரிந்தார்கள். அப்போது மகளுக்கு நான்கு வயது. ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்வதால், யாரிடம் வளர்வது என்பதில் தகராறு வரவில்லை. தகப்பனைப் பற்றிக் கூட்டு மனுவில் இருந்தது ஒரே வரி: மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம். எந்த ஞாயிறு, எத்தனை மணிக்கு, எங்கே, யார் கொண்டுவந்து விடுவது, வரமுடியாவிட்டால் யாருக்குச் சொல்வது என்று எதுவும் இல்லை. பிரியும் நேரத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்து போனால் போதும் என்றுதான் இரண்டு வீட்டாருக்கும் இருக்கும். எழுதாமல் விட்டதெல்லாம் பிறகு சண்டையாக வந்து நின்றது.

தாய் மகளோடு திருப்பூருக்கு வந்து ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தார். இரண்டு வருடம் கழித்து மறுமணம். இரண்டாம் கணவர் பவர் டேபிள், ஓவர்லாக் எல்லாம் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கும் சிறு யூனிட் நடத்துபவர். அதிகம் பேசாத மனிதர். குழந்தையிடம் ஒட்டுதலாக இருந்தார்.

மறுமணத்தால்தான் பிரச்சினை வந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. மறுமணத்துக்குப் பிறகும் சில மாதங்கள் முதல் கணவர் ஒழுங்காக வந்து மகளை அழைத்துப் போய், பொழுதோடு கொண்டுவந்து விட்டிருக்கிறார். நிலைமை மாறியது ஜூன் மாதத்தில். புதுப் பள்ளியில் சேர்க்கும்போது விண்ணப்பத்தில் தந்தை பெயர் கேட்ட இடத்தில் இரண்டாம் கணவரின் பெயரை எழுதிவிட்டார்கள். பள்ளியில் கேள்வி வரக்கூடாது, பிள்ளைக்குச் சங்கடமாக இருக்கக்கூடாது என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு எண்ணம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளின் நோட்டில் ஒட்டியிருந்த லேபிளில் வேறு இனிஷியலைத் தகப்பன் பார்த்தார். அந்த வாரமே அவருடைய ஊர் முழுக்கச் செய்தி பரவியது. "உன்ற புள்ளைக்கு இனிஷியலையே மாத்தீட்டாங்களாமா?" என்று பங்காளிகள் கேட்டதாக, பின்னால் ஆலோசனைக்குப் போன இடத்தில் அவரே சொன்னார்.

இதைப் பற்றி நான் தாயிடம் ஒளிவுமறைவு இல்லாமல் பேசினேன். விவாகரத்து ஆனதால் தகப்பன் இயற்கைக் காப்பாளர் என்ற நிலையை இழப்பதில்லை. மேலே சொன்ன 6-ஆம் பிரிவின் விளக்கத்திலேயே, தகப்பன் என்ற சொல்லில் மாற்றாந்தகப்பன் அடங்கமாட்டார் என்று எழுதியிருக்கிறது. 2022-இல் உச்ச நீதிமன்றம் அகெல்லா லலிதா வழக்கில், மறுமணம் செய்த தாய் குழந்தைக்குத் தன் புதுக் குடும்பப் பெயரை வைக்கலாம் என்று சொன்னதை அவருடைய உறவினர் ஒருவர் போனில் காட்டினார். அந்த வழக்கில் குழந்தையின் தகப்பன் உயிரோடு இல்லை. இங்கே தகப்பன் உயிரோடு இருக்கிறார், மாதம் இரண்டு முறை வந்து பார்க்கிறார். அந்தத் தீர்ப்பை இதற்குப் பொருத்த முடியாது. பள்ளிப் பதிவைத் திருத்தச் சொல்லி விண்ணப்பம் கொடுக்கும்படி சொன்னேன். மிரட்டலுக்குப் பணிவதாக ஆகிவிடுமே என்று தாய் தயங்கினார். மிரட்டல் வராவிட்டாலும் திருத்த வேண்டியதுதான் என்றேன். திருத்தினார்.

மிரட்டல்

முதலில் வந்தவை வெறும் வசவுகள். ராத்திரி பத்து மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு, குடித்த குரல். பிறகு நிபந்தனை சேர்ந்தது: "கோர்ட்டுல உன்ற பேரு வந்துச்சுன்னா நீ முழுசா வீடு போய்ச் சேர மாட்டே." அடுத்து விவரங்கள் வந்தன. யூனிட்டில் எத்தனை மணிக்கு ஷட்டர் இறக்குகிறார், எந்த ரோட்டில் டூவீலரில் போகிறார் என்பதெல்லாம். ஒருநாள் முதல் கணவரின் சொந்தக்காரர் இருவர் யூனிட்டுக்கே வந்து, தையல் வேலை நடந்துகொண்டிருக்கும்போது நடுவில் நின்று சத்தம்போட்டுவிட்டுப் போனார்கள். "போக்சோ கேஸ் போட்டு உள்ள தள்றேன் பாரு" என்றும் ஒரு பதிவு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்தான் போக்சோ.

மிரட்டல்கள் எல்லாம் ஒரே எடை இல்லை. வசவு மனசைப் புண்படுத்தும். வழியையும் நேரத்தையும் சொல்லி வரும் மிரட்டல் உயிருக்கு ஆபத்தாகலாம். எதைக் கேட்டதும் தூக்கம் போனது என்று கட்சிக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் வசவைத்தான் சொல்வார்கள், அதில் தன்மானம் இருக்கிறது. வக்கீல் தேட வேண்டியது வேறு: இடம், நேரம், ஆயுதம், பின்தொடர்தல், குடி, வேலை போனது போன்ற புது நெருக்கடி. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று உண்டு, அது இந்த வழக்கிலும் வந்தது. தாயின் போனுக்கு வந்த ஒரே பதிவு அதுதான். அதில் கோபமே இல்லை, அழுகைதான்: "புள்ளையைக் கூட்டிக்கிட்டு நானும் போய்ச் சேர்ந்துடறேன். அப்பறம் நீங்க நிம்மதியா இருங்க."

தாய் அதை மிரட்டலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "பாவம், அழுகறாருங்க மேடம்" என்றார். இத்தனை பதிவுகளில் என்னை உலுக்கியது அது ஒன்றுதான். தன் உயிரையும் குழந்தையின் உயிரையும் சேர்த்துப் பேசுகிற தகப்பனிடம் தனியாகக் குழந்தையை அனுப்பக்கூடாது. அந்த ஞாயிற்றுக்கிழமை அனுப்ப வேண்டாம் என்றேன். ஆனால் பார்க்க அனுமதிக்கும் நீதிமன்ற உத்தரவு ஒன்று உயிரோடு இருக்கும்போது சும்மா அனுப்பாமல் இருந்தால், உத்தரவை மீறியதாக நம் தலையில் விழும். அதனால் அடுத்த வேலை நாளே காரணத்தை எழுதி, குரல்பதிவை இணைத்து, தனியே சந்திப்பதை நிறுத்தி மேற்பார்வையில் சந்திக்க வைக்கும்படி குடும்ப நீதிமன்றத்தில் இடைக்கால மனுத் தாக்கல் செய்தோம்.

முதல் கணவருக்கும் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டியிருந்தது. அவருடைய அக்கா பெருந்துறையில் இருந்தார். குழந்தையின் அத்தை. பிரிவுக்குப் பிறகும் அந்தப் பிள்ளைக்குப் பிறந்தநாள் துணி எடுத்து அனுப்புபவர். தாயே அவரை அழைத்து, "நங்கை, உங்க தம்பி இப்படிப் பேசியிருக்காருங்க, கொஞ்சம் போய்க் கூட இருங்க" என்று சொன்னார். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐயும் கொடுத்தோம். எதிர்த்தரப்பு ஆளைப் பற்றி நமக்கென்ன என்று விட்டிருந்தால் அந்த அக்கா நம் பக்கம் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கமாட்டார். பின்னால் இந்த வழக்கு முடிந்ததற்கு அவர்தான் பெரிய காரணம்.

இரண்டு கார்

இரண்டாம் கணவர் இவ்வளவையும் பொறுத்துக்கொண்டிருந்தார், ஒரே ஒரு ராத்திரி தவிர. அன்றைக்கு "வா, பாத்துக்கலாம். எத்தனை பேரு வேணா கூட்டிக்கிட்டு வா" என்று பதில் அனுப்பிவிட்டார். எதிர்த்தரப்பு மனுவோடு இணைத்த பதிவுகளில் அது மட்டும் இருந்தது, அதற்கு முன்னால் வந்த எதுவும் இல்லை. மாற்றாந்தகப்பன் ரவுடித்தனமாக இருக்கிறார், அந்த வீட்டில் பெண் குழந்தைக்குப் பாதுகாப்பில்லை என்பது அவர்களுடைய வாதம். மிரட்டப்பட்டவரே மிரட்டியவராக நீதிமன்றத்தில் காட்டப்பட்டார். முழு உரையாடலையும் நாங்கள் பிறகு தாக்கல் செய்ததால் அந்த வாதம் நிற்கவில்லை. ஆனாலும் முதல் இரண்டு வாய்தா அதை விளக்குவதிலேயே போனது.

அதைவிடப் பெரிய ஆபத்து அவருடைய சித்தப்பா வீட்டில் உருவானது. யூனிட்டில் வந்து சத்தம்போட்ட மறுநாள், "நாலு பேரு போய் வாசல்ல நின்னாத்தானுங்க அவனுக்குப் புத்தி வரும்" என்று பேசி இரண்டு காரில் ஆட்களை ஏற்பாடு செய்துவிட்டார்கள். கொங்குப் பக்கத்தில் இது புதிதல்ல. மாப்பிள்ளைக்கு ஒன்று என்றால் மச்சான்மார் சும்மா இருப்பது அவமானம் என்று வளர்ந்தவர்கள். அந்தப் பாசத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கார்கள் சென்னிமலைக்குப் போயிருந்தால், அன்று மாலையே இவர்கள் மேல் அத்துமீறி நுழைந்ததாகவும் மிரட்டியதாகவும் புகார் பதிவாகியிருக்கும். குடும்ப நீதிமன்றம் குழந்தையின் நலனைப் பார்க்கும் இடம். இரண்டு வீட்டு ஆண்களும் ஆட்களோடு மோதிக்கொள்கிறார்கள் என்று தெரிந்தால், இரண்டு வீடுகளிலும் குழந்தைக்கு ஆபத்து என்று யோசிக்கத் தொடங்கும்.

சித்தப்பாவிடம் நேராகவே பேசினேன். "உங்க பையனுக்கு உதவணும்னா அன்னைக்கு யூனிட்ல நடந்ததை நீங்க கண்ணால பாத்தீங்கல்ல, அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றேன். யூனிட்டின் கேமரா பதிவில் பழையதன் மேல் புதியது பதிவாகி அழிந்துவிடும் என்பதால் அன்றைக்கே அதை எடுத்து வைக்கச் சொன்னேன். அவர் போன்பேசி, கேமரா பதிவுப் பெட்டியான டிவிஆரைப் பார்க்கும் ஆளை வரவழைத்து எடுத்துக் கொடுத்தார். அவருக்கும் செய்ய ஒரு வேலை கிடைத்தது, கார்கள் கிளம்பவில்லை.

இரண்டாம் கணவருக்கு நான் சொன்னது மூன்றே விஷயம். பதில் எழுதாதீர்கள். அந்த எண்ணை பிளாக் செய்யாதீர்கள், சத்தத்தை மட்டும் அணைத்து வையுங்கள், ஏனென்றால் வருவது வந்தபடியே பதிவாக வேண்டும். குழந்தையைக் கொடுக்கவும் வாங்கவும் நீங்கள் போகாதீர்கள். மூன்றாவதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. மனைவியைத் தனியாக அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பது கோழைத்தனம் என்று நினைத்தார். மனைவியோடு அவருடைய அண்ணன் போகட்டும், தாய்மாமன் வந்து நிற்பதை யாரும் தப்பாகப் பேசமாட்டார்கள் என்று சொன்னதும் ஒத்துக்கொண்டார்.

காவல் நிலையம்

புகார் கொடுக்கப் போனபோது முதலில் கிடைத்த பதில், "குடும்பப் பிரச்சினை, கோர்ட்டுல கேஸ் இருக்குல்ல, அங்கயே பாத்துக்குங்க." இதைக் கேட்டுத் திரும்பி வந்துவிடுபவர்கள் பலர். கோர்ட்டில் இருப்பது குழந்தையைப் பற்றிய வழக்கு. காலை உடைப்பேன் என்று சொன்னதைக் குடும்ப நீதிமன்றம் குற்றமாக விசாரிக்காது. புகாரில் குழந்தையைப் பற்றியும் விவாகரத்தைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதினால், படிப்பவர் குடும்பத் தகராறு என்று ஒதுக்கத்தான் செய்வார். அதனால் ஒரே பக்கத்தில் எழுதினோம்: எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த எண்ணிலிருந்து, என்ன சொல் சொல்லப்பட்டது, யூனிட்டுக்கு வந்தவர்கள் எப்படி இருந்தார்கள், யார் பார்த்தார்கள். வசவுகளை விட்டுவிட்டு, உயிருக்கும் உடம்புக்கும் ஆபத்து சொன்ன பதிவுகளை மட்டும் அப்படியே எழுதினோம். புகார் கொடுத்தவர் இரண்டாம் கணவர். மிரட்டப்பட்டவர் அவர்தான்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில் குற்றமுறு மிரட்டல் 351-ஆம் பிரிவில் வருகிறது. பொதுவான மிரட்டலுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை. கொலை, கொடுங்காயம் என்று சொல்லி மிரட்டினால் ஏழு ஆண்டு வரை. யாரென்று தெரியாதபடி ஒளிந்துகொண்டு மிரட்டினால் அதற்கு மேல் இன்னும் இரண்டு ஆண்டு வரை சேரும். நிலையத்தில் மனு ரசீது, அதாவது சிஎஸ்ஆர் கொடுத்தார்கள். அதை வாங்காமல் எழுந்து வரக்கூடாது. பின்னால் ஏதாவது நடந்தால், இன்ன தேதியிலேயே சொன்னோம் என்பதற்கு அந்தத் தாள்தான் ஆதாரம். நிலையத்தில் புகாரை ஏற்க மறுத்தால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்ற நடைமுறைச் சட்டம் 173(4)-இன்படி எஸ்பிக்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

முதல் கணவரை அழைத்து விசாரித்தார்கள். இனிமேல் இவரோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். பொங்கல் சமயத்தில் மறுபடியும் ஒரு பதிவு வந்தது. அதற்குப் பிறகு அமைதிக்குப் பங்கம் வராமல் இருக்க அதே நடைமுறைச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின் கீழ் பிணைப்பத்திரம் கேட்கும் நடவடிக்கைக்கு மனுக் கொடுத்தோம். வருவாய்க் கோட்டாட்சியர் போன்ற நிர்வாகத்துறை நடுவர் முன்னால் நடக்கும் விசாரணை இது. அதிகபட்சம் ஓராண்டுக்கு எழுதி வாங்கலாம். தண்டனை வாங்கிக் கொடுப்பதைவிட இந்த வழக்குக்கு இதுதான் பொருந்தும் என்பது என் கருத்து. மகளின் தகப்பன் சிறைக்குப் போவதைத் தாயும் விரும்பவில்லை, நானும் விரும்பவில்லை. மிரட்டல் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாமே என்று பலர் கேட்டார்கள். 2005-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் பெண்களுக்கானது, அதுவும் ஒரே வீட்டில் வாழ்ந்த உறவுக்கானது. இரண்டாம் கணவருக்கு அதில் இடமே இல்லை. தாய்க்கு வாதாட வழி இருந்தது, ஆனால் மிரட்டல்களில் ஒன்றைத் தவிர எதுவும் அவருக்கு வரவில்லை. பின்தொடர்தல் குற்றத்துக்கான நியாய சன்ஹிதா 78-ஆம் பிரிவையும் யோசித்து விட்டுவிட்டோம். மகளைப் பற்றிப் பேசத்தான் வந்தேன் என்று அவர் சொன்னால் அது எளிதாக விழுந்துவிடும். இருக்கிற எல்லாப் பிரிவையும் அடுக்கினால் வழக்கு வலுக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. பொருந்தாத பிரிவைச் சேர்த்தால் பொருந்துகிறதன்மேலும் நம்பிக்கை போய்விடும்.

பதிவுகளைக் காப்பது

குரல்பதிவுகளை இரண்டாம் கணவர் தன் தம்பிக்கு ஃபார்வர்ட் செய்து, தம்பி பென்டிரைவில் போட்டுக் கொண்டுவந்தார். அது போதாது. பதிவு முதலில் வந்த போன்தான் மூலம். அதை மாற்றவோ, ரீசெட் செய்யவோ, விற்கவோ கூடாது. குற்ற வழக்கில் மின்னணுப் பதிவை நகலாகக் காட்ட வேண்டுமென்றால் 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். இதில் முதல் பகுதியில் பதிவை வைத்திருப்பவரும் இரண்டாம் பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். இடையில் யாரும் கைவைக்கவில்லை என்பதற்கான எண் அது. குடும்ப நீதிமன்றத்தில் இவ்வளவு கண்டிப்பு இல்லை. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் 14-ஆம் பிரிவின்படி, சாட்சியச் சட்டப்படி ஏற்கத்தக்கதா என்று பாராமல், தகராறைத் தீர்க்க உதவும் எந்த ஆவணத்தையும் நீதிபதி பார்க்கலாம். ஒரே பதிவு இரண்டு இடத்துக்கும் போக வேண்டியிருப்பதால், கண்டிப்பான இடத்துக்குத் தக்கபடி முதலிலேயே தயார் செய்துவிட்டோம்.

போக்சோ என்ற சொல்

இந்த மிரட்டல் இரண்டாம் கணவரை உள்ளுக்குள் உடைத்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் குழந்தையைத் தூக்குவதை நிறுத்தினார். பள்ளி வேனில் ஏற்றிவிடப் போவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பதும் நின்றுபோனது. "மாமா ஏன் என்கூட பேச மாட்டேங்கறாரு?" என்று குழந்தை தாயிடம் கேட்டிருக்கிறது. மிரட்டலால் நிஜமாக அடிபட்டது குழந்தைதான், அதுவும் அதற்குத் தெரியாமலே.

அந்தக் குற்றச்சாட்டு பொய் என்று முன்முடிவோடு நான் நடக்கவில்லை. குழந்தை சம்பந்தப்பட்ட விஷயத்தில் எந்த வக்கீலும் அப்படி நடக்கக்கூடாது. இரண்டு தரப்புக்கும் தொடர்பில்லாத ஒரு குழந்தை மனநல ஆலோசகரிடம் தாய் மகளை அழைத்துப்போனார். குழந்தை தனியாகப் பேசியது. அது என்ன சொல்ல வேண்டும் என்று வீட்டில் யாரும் ஒரு சொல்லும் சொல்லித்தரக் கூடாது என்று முன்பே கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். பயப்படும்படி எதுவும் இல்லை என்று ஆலோசகர் சொன்ன பிறகுதான் இரண்டாம் கணவரிடம் உட்கார்ந்து பேசினேன். கெட்ட எண்ணத்தோடு பொய்ப் புகார் கொடுத்தால் போக்சோ சட்டம் 22-ஆம் பிரிவில் புகார் கொடுத்தவருக்கே தண்டனை உண்டு என்பதைச் சொன்னேன். ஆனால் அவருக்குத் தைரியம் தந்தது சட்டப்பிரிவு அல்ல. ஆலோசகர் அவரிடம், நீங்கள் ஒதுங்கினால் தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாகக் குழந்தை நினைத்துக்கொள்ளும் என்று சொன்னது அவரை மாற்றியது. மறுபடி வேன் வரைக்கும் நடந்து போகத் தொடங்கினார்.

குடும்ப நீதிமன்றத்தில்

குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்துக்குத்தான் காப்பாளர் மனுவை விசாரிக்கும் அதிகாரம் என்று 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் இளவர் சட்டம் 9-ஆம் பிரிவு சொல்வதால், முதல் கணவர் திருப்பூரில்தான் மனுப்போட்டிருந்தார். இங்கே நாங்கள் எடுத்த முக்கிய முடிவு ஒன்று. மிரட்டல் பதிவுகளை வைத்து, தகப்பன் மகளைப் பார்க்கவே கூடாது என்று கேட்கவில்லை. இரண்டாம் கணவரின் வீட்டில் இது பெரிய வாக்குவாதமானது. இவ்வளவு பேசியவனுக்கு எதற்குப் பிள்ளையைக் காட்ட வேண்டும் என்று கேட்டார்கள்.

எனக்கு இதில் சந்தேகமே இருக்கவில்லை. அவர் மிரட்டியது இரண்டாம் கணவரை. மகளிடம் ஒருநாளும் கை ஓங்கியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. அந்த ஒரு அழுகைப் பதிவுக்குத் தேவை மேற்பார்வை, அதற்காக உறவையே அறுக்கக்கூடாது. தகப்பனையும் தாயையும் இரண்டுபேரையும் பெறக் குழந்தைக்கு உரிமை உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2020-இல் யஷிதா சாஹு வழக்கில் சொல்லி, நேரில் பார்க்க முடியாத நாட்களில் வீடியோ காலில் பேசவும் வழிசெய்ய வேண்டும் என்றது. முழுத் தடை கேட்டிருந்தால், தாய் குழந்தையைத் தகப்பனிடமிருந்து பிரிக்கப் பார்க்கிறார் என்ற எதிர்வாதம் எழுந்திருக்கும், இனிஷியல் மாறிய கதை அதற்கு வலுவும் சேர்த்திருக்கும்.

நாங்கள் கேட்டது: நீதிமன்ற வளாகத்திலுள்ள குழந்தைகள் அறையில் மாதம் இரண்டு சனிக்கிழமை, குறிப்பிட்ட நேரம். வாரம் ஒருநாள் மாலை தாயின் போனில் வீடியோ கால். கொண்டுவிடுவதும் அழைத்துப்போவதும் தாயோ தாய்மாமனோ மட்டும். அந்த இடத்துக்கு இரண்டாம் கணவரும் அவர் உறவினரும் வரமாட்டார்கள் என்று நாங்களே எழுதிக்கொடுத்தோம். முதல் கணவர் இரண்டாம் கணவரை எந்த வழியிலும் தொடர்புகொள்ளக் கூடாது. தகப்பன் ஆலோசனைக்குப் போக வேண்டும். நாங்கள் நம் பக்கத்துக்கும் ஒரு கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டதை நீதிபதி கவனித்தார். கேட்டதில் பெரும்பகுதி இடைக்கால உத்தரவாகக் கிடைத்தது. குழந்தையோடு நீதிபதி தன் அறையில் தனியாகப் பேசினார். சொந்த விருப்பம் சொல்லும் முதிர்ச்சி குழந்தைக்கு இருந்தால் அதையும் கருதலாம் என்று காப்பாளர் மற்றும் இளவர் சட்டத்தின் 17-ஆம் பிரிவு இடம் தருகிறது. என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, தாயையும் கேட்க வேண்டாம் என்றேன்.

முதல் சந்திப்பு சரியாக அமையவில்லை. தகப்பன் அழுதார், குழந்தை பயந்து தாயைத் தேடியது. அடுத்த முறை அவருடைய அக்கா கூட வந்தார். கம்பங்கூழும் முறுக்கும் கொண்டுவந்து, அத்தையும் மருமகளுமாகத் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். தகப்பனுக்கு என்ன பேசுவது என்று தெரியாத இடங்களில் அத்தை பேசினார். சில மாதங்களில் வீடியோ கால் பழகிவிட்டது. ஆலோசகரிடம் தகப்பன் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: பிள்ளை போய்விடும் என்று பயந்தேன். தறிக்கூடத்தில், கோயிலில், கல்யாண வீட்டில் எல்லாம் ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள், கேட்ட கேள்விகள் அந்தப் பயத்தை ஊதி ஊதிப் பெரிதாக்கியிருக்கின்றன. அதனால் மிரட்டியது நியாயமாகிவிடாது. ஆனால் எங்கே கைவைத்தால் அது அடங்கும் என்பதை அது காட்டியது. பள்ளிப் பதிவில் தகப்பன் பெயர் திரும்ப ஏறிய நகலை நாங்கள் தாக்கல் செய்த வாய்தாவுக்குப் பிறகு எந்தக் குரல்பதிவும் வரவில்லை.

முடிவு

கஸ்டடி மனு சமரச மையத்துக்குப் போய், இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டு எழுதிய கூட்டு மெமோவாக முடிந்தது. குழந்தை தாயிடம் இருக்கும். பள்ளிப் பதிவுகளில் தகப்பன் பெயரும் இனிஷியலும் மாறாது. பள்ளி ஆண்டு விழாவுக்கும் பெற்றோர் கூட்டத்துக்கும் இருவருக்கும் தனித்தனியாக அழைப்பு போகும். மாதம் இரண்டு ஞாயிறு பெருந்துறையில் அத்தை வீட்டில் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை, அத்தை வீட்டில் இருக்கும் நாட்களில் மட்டும். பிணைப்பத்திரக் காலம் முடியும்வரை ராத்திரி தங்கல் கிடையாது. வரமுடியாவிட்டால் முந்தின நாள் இரவு எட்டு மணிக்குள் தாயின் எண்ணுக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். பழைய உத்தரவில் இருந்த ஒரு வரி இப்போது இரண்டு பக்கமாகிவிட்டது.

இரண்டாம் கணவர் நிறையவே இழந்தார். யூனிட்டில் ஆட்கள் வந்து கத்திய செய்தி பரவி, ஜாப் ஒர்க் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பார்ட்டி போய்விட்டது. காவல் நிலையத்துக்கும் கோர்ட்டுக்கும் அலைந்த நாட்களுக்கு யாரும் ஈடு தரப்போவதில்லை. முதல் கணவர் அவரிடம் வருத்தம் தெரிவிக்கவும் இல்லை. மெமோவில் அதற்கு ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், பேசாமல் இருந்தாலே போதும் என்றார்.

கோடை விடுமுறையில் குழந்தை எத்தனை நாள் எங்கே இருக்கும் என்பதை மட்டும் நிரந்தரமாக எழுதவில்லை. ஒவ்வொரு ஆண்டும் மார்ச் மாதத்துக்குள் தாயும் அத்தையும் பேசி, தேதிகளை எழுதி, இருவரும் கையெழுத்திட்டு இரண்டு வக்கீல்களுக்கும் ஒரு நகல் அனுப்ப வேண்டும். இந்த ஆண்டு நகல் வந்துவிட்டது.